அவள் மறந்த அடி

என் மனைவிக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும். அதுவும் பாதி. திருப்பூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் மாவாட்டும்போதும் துணி அலசும்போதும் அதையேதான் பாடுவாள். 'காடு மேடு சுற்றிவந்தேன் முருகா, எனக்கொரு வீடு தரவேணுமையா முருகா.' சேவூர்க்காரி அல்லவா, வீடு என்று அவள் வாயில் வராது. 'ஊடு தரவேணுமையா' என்பாள். அதற்கு அடுத்த அடி மறந்துவிட்டது. அவள் அம்மா வைத்திருந்த சிந்துப் புத்தகத்தைக் கரையான் தின்றபோது மிச்சப் பாட்டும் அதோடு போயிற்று.

அவளுக்குச் சொந்த வீட்டு ஆசை. சுவரில் ஒரு ஆணி அடித்தால் போதும், வீட்டுக்காரம்மா வந்து நின்றுவிடுவார். நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் சம்பளத்துக்கு அதெல்லாம் எட்டாக்கனி. 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பார்கள். ஒன்றைப் பண்ணிப் பார்த்தாயிற்று, மற்றதை அடுத்த பிறவியில் கட்டாயம் கட்டித் தருகிறேன் என்று கிண்டல் செய்வேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"அந்த அடுத்த அடி தெரிஞ்சாப் போதுமுங்க. ஓட்டு ஊடா மச்சு ஊடான்னு அதுலதான் இருக்கும். முருகங்கிட்ட வெவரமாக் கேட்டுப்போடலாம்."

எங்கேயாவது அந்தப் புத்தகம் கண்ணில் பட்டால் பார்த்து வரச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் சரி சரி என்றேன். மஞ்சள் காமாலை வந்து அவள் போய்விட்டாள்.

அதன்பிறகு அந்தப் பாதிப் பாட்டு என்னை விடவில்லை. துணியை மேசையில் விரித்தால் அதுதான் வரும். அவள் நிறுத்தும் இடத்தில் என் கத்தரியும் நிற்கும். பக்கத்துத் தெருத் தமிழ் வாத்தியாரிடம் சொன்னேன். பழைய பாட்டுப் புத்தகங்களையெல்லாம் சென்னையில் பல்கலைக்கழக நூலகத்தில் தனியறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றார். கையோடு ஒரு சிபாரிசுக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். ரயிலேறிவிட்டேன்.

நூலகத்தில் பேனாவை வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கை கழுவச் சொன்னார்கள். சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். நான் சொன்ன அடியை வைத்துத் தேடி நூலகர் கொண்டுவந்து வைத்த புத்தகம் உள்ளங்கை அகலம்தான். பாட்டு இருந்தது. அவள் பாடிய அடியோடு பக்கம் முடிந்தது. புரட்டினால் அடுத்த இரண்டு பக்கங்கள், அச்சகத்தில் மடித்த தாளின் மேல் மடிப்பு வெட்டப்படாமல், ஒன்றாகவே இருந்தன. அச்சான நாளிலிருந்து அதை ஒருவரும் படித்ததில்லை.

"ஏனுங்க, இதைப் பிரிச்சுக் குடுங்க. நானே வேணும்னாலும் நூல் பிடிச்சாப்பல வெட்டிக் குடுக்கறனுங்க."

அவர் பதறிப் புத்தகத்தின்மேல் கையை வைத்தார். வெட்டாமல் இருப்பதால்தான் அதற்கு மதிப்பே என்றார். நாளெல்லாம் வெட்டிப் பிழைக்கிறவனுக்கு இது சோதனைதான். எரிச்சல் வந்தது. ஆனால் பனியன் துணியும் குழாயாகத்தானே வருகிறது? உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று நாங்கள் அதை வெட்டியா பார்க்கிறோம்? கையை விட்டு விரித்துத்தான் பார்க்கிறோம். அப்படியே மடிப்புக்குள் இரண்டு விரலை விட்டு மெல்ல அகற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் கீழிருந்து எட்டிப் பார்த்தேன். நூலகர் புத்தகத்தின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

'ஓடு மச்சு கேட்கவில்லை முருகா, நான் மீண்டுவந்து பிறவாத வீடு.'

திரும்பத் திரும்பப் படித்தேன். பாட்டுக்காரர் கேட்டது மோட்சத்தை. இவள் அதை அறியாமல் ஊடு என்று கல்லும் மண்ணுமாய் ஒரு வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முருகனோ பாட்டில் இருந்தபடியே அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

நூலகர் புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தேடியது கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். அடுத்த அடியை நான் பாடுவதில்லை. எனக்கு இன்னும் ஊடுதான். அடுத்த பிறவியில் கட்டித் தருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் பிறந்து வராமல் போனால் நான் யாருக்குக் கட்டுவது?