எங்கே நிற்கிறது என்று கேட்பவர்

டீ கிளாஸ் கைக்கு வந்ததும் அவர் குடிப்பதில்லை, மணி பார்க்கிறார். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பதால், தன் கைரேகையைத் தானே பார்த்துக்கொள்வதுபோல இருக்கும். பிறகு சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொள்வார். என் லாரி ஷெட்டுக்கு எதிரே உள்ள வடக்குத்து டீக்கடையில் இது எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது.

"இன்னா சார், இன்னிக்கு நம்ம டீ பாஸா?" என்று மாஸ்டர் கேட்பார்.

"டீ பாஸுங்க. அடுப்புதான் சும்மா எரிஞ்சிகினு நிக்கிது. பால்காரர் வர்றதுக்கு இருவது நிமிஷம் முன்னாடியே பத்த வெச்சிடுறீங்க."

மாஸ்டர் தலையைச் சொறிவார். மறுநாள் இருபது நிமிஷம் கழித்து அடுப்பைப் பற்றவைப்பார். அதுதான் எனக்கு எரிச்சல். நான் சொன்னால் அந்த ஆள் கேட்பாரா?

இவர் முனைவர் செங்குட்டுவன். விருத்தாசலம் சாலையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் சப்ளை செயின் மேனேஜ்மென்ட் என்ற பாடம் நடத்துகிறார். ஒரு சரக்கு விளைகிற இடத்திலிருந்து வாங்குகிறவன் கைக்குப் போய்ச் சேரும் வரை வழியில் என்னென்ன ஆகிறது என்பதுதான் பாடம். இதை நான் ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கிளீனராக லாரி ஏறி, டிரைவராகி, இன்றைக்குப் பதினோரு லாரி என் பெயர் போட்டு ஓடுகிறது. பழனிவேல் லாரி சர்வீஸ் என்று பண்ருட்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். செய்தவனுக்கு முதலாளி என்று பெயர். அதைச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு டாக்டர் என்று பெயர். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அறுபத்தெட்டு வயதில் அதை மூடிவைத்து என்ன ஆகப்போகிறது?

அவருடைய அப்பா கலியன் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலியாக நுழைந்து, கான்ட்ராக்ட் கூலியாகவே உடம்பு முடியாமல் வீட்டில் உட்கார்ந்தார். மகன் டிப்ளமோ முடித்துவிட்டு முதலில் வேலைக்கு வந்தது என் ஷெட்டுக்குத்தான். இரண்டு வருஷம் எனக்குச் சரக்குச் சீட்டு எழுதினார். அப்போதே பழத்தின் பெயருக்கு முன்னால் நேரத்தைத்தான் எழுதுவார். "ஏம்பா, பழம் எத்தினின்னு கேட்டா மணி எத்தினின்னு எழுதிக்கினு இருக்கியே" என்று எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். என் திட்டையும் வாங்கிக்கொண்டு, தபால் வழியில் பட்டமும் வாங்கினார். எம்.பி.ஏ.வும் தபால்தான். கல்லூரியில் சேர்ந்த பிறகு பிஎச்.டி.க்கு எட்டு வருஷம். பாதியில் வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட, புதிதாக வந்தவர் முதல் அத்தியாயத்திலிருந்து மாற்றச் சொன்னாராம். மாற்றி எழுதினார். நானாக இருந்தால் பேப்பரைத் தூக்கி அவர் மேலேயே வீசிவிட்டு வந்திருப்பேன்.

உதவிப் பேராசிரியராகப் பதிமூன்று வருஷம், இணைப் பேராசிரியராக ஐந்து வருஷம் ஆயிற்று. பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை நேர்காணல் போய், இரண்டு முறையும் வெறுங்கையோடு வந்தார். 'ஆராய்ச்சி எல்லாம் சரி, அதனால் யாருக்கு என்ன பயன்?' என்று கேட்டார்களாம். இந்த வருஷம், இரண்டாயிரத்துப் பதினைந்து ஜூனில், மூன்றாவது முறை. இதிலும் தேறாவிட்டால் வெளியிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவந்து உட்காரவைப்பதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. அப்புறம் ரிட்டயர் ஆகும் வரை இணைதான்.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர் மனைவி பொற்கொடி என் வீட்டுக்காரியிடம் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு வேறு குறை: "எங்க வூட்டுல உப்பு டப்பா மேல கூடத் தேதி எழுதி ஒட்டி வெச்சிருக்காருங்க. கட்டிக்கினு வந்த தேதி என் மேல ஒட்டாததுதான் மிச்சம்."

கல்யாண வீட்டில் அவரோடு பந்தியில் உட்காரவே கூடாது. போன தையில் மைன்ஸ் டவுன்ஷிப்பில் ஒரு கல்யாணம். மூன்றாவது வரிசைக்குச் சோறு வந்து ஆறிக்கொண்டிருக்கிறது, சாம்பாரைக் காணோம். சனங்கள் பரிமாறுகிறவனைத் திட்டுகிறார்கள். இவர் எழுந்து போய்ச் சமையல்கட்டு வாசலில் இரண்டு நிமிஷம் நின்றார். பிறகு தானே சாம்பார் அண்டாவைப் பிடித்து இழுத்து, சோற்று மேசைக்கு இந்தப் பக்கம் வைத்தார். அவ்வளவுதான். இலைக்கு இலை சாம்பார் ஓடியது. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "ஆளு மேல தப்பு இல்லீங்க. சாம்பாரு மூலையில நின்னுகினு இருந்திச்சி" என்றார்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் பார்த்தேன். அவர் உள்ளே வந்தபோது நாலைந்து இளைஞர்கள், ஒரு கைக்குழந்தைக்காரி, நாற்காலியை விட்டு எழுந்தார்கள். எல்லாம் எப்போதோ படித்து முடித்துப் போனவர்கள். நான் காரில் போய் இறங்கும்போதும் சிலர் எழுந்து நிற்பார்கள். ஆனால் எனக்கு எழுந்து நிற்பவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அன்றைக்குப் பாயசம் எனக்கு இனிக்கவில்லை.

ஒரு தடவை அவர் கூப்பிட்டதால் போய் அவருடைய வகுப்பையும் பார்த்துவிட்டேன். முன்னால் ஒரு வாளித் தண்ணீர், பின்னால் ஒரு காலி வாளி. பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்திக் குவளையில் கைமாற்றிக் கொண்டுபோகச் சொன்னார். பாதியில் அபி என்ற பெண்ணிடம் தண்ணீர் தேங்கிவிட்டது. அவள் சுடிதாரெல்லாம் ஈரம். "யார் தப்பு?" என்று கேட்டார். "அபிதான் சார், தூங்கிக்கினு வாங்குறா" என்று வகுப்பே சிரித்தது. அவர் அபியை நகர்த்திவிட்டு, அதிகம் சிரித்த பையனை அவள் இடத்தில் நிறுத்தினார். இரண்டு வரிசை வந்து சேருகிற முனை அது. அவனிடமும் தேங்கியது. "ஆளப் பாக்காதீங்க. எடத்தப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு என்னவோபோல ஆயிற்று. என் காலத்தில் ஆளைத்தான் பார்த்தேன். எத்தனையோ பேரை விரட்டியும் இருக்கிறேன்.

போன வருஷம் சித்திரையில் கல்லூரி லீவு விட்டதும் ஷெட்டுக்கு வந்தார். "மொதலாளி, பதினஞ்சு நாளு இங்க ஓரமா உக்காந்துகினு இருக்கேன். ஒண்ணும் பேச மாட்டேன்." இத்தனை படித்த பிறகும் என்னை மொதலாளி என்றுதான் கூப்பிடுவார். எனக்குத்தான் சிக்கல். பழையபடி 'நீ' என்று சொல்ல வாய் கூசுகிறது; 'நீங்க' என்று சொல்ல மனசு வரமாட்டேன் என்கிறது. அதனால் வாத்தியாரே என்று வைத்துக்கொண்டேன்.

பலாப்பழ சீசன். வாரத்துக்கு மூன்று நாள் நான்கு லாரி மும்பைக்குப் போகும். முதலில் லோடு ஏறுகிற வண்டிக்கு ராசியில்லை என்பது எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அங்கே போய்த் தார்ப்பாயைப் பிரித்தால் அந்த வண்டியில்தான் பழம் வெடித்துக் கிடக்கும். ராசியில்லை என்று இரண்டு லாரியை விற்றேன். கலியமூர்த்தி என்கிற டிரைவரை, அவன் கை தொட்டால் ஆகவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினேன். வண்டியை முதலில் லோடுக்கு விடமாட்டோம் என்று மற்ற டிரைவர்கள் அடித்துக்கொள்வார்கள்.

வாத்தியார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் பதினைந்து நாள் உட்கார்ந்தார். பதினாறாம் நாள் வந்தார்.

"சொன்னா கோச்சிக்கக் கூடாது மொதலாளி."

"கோவம் இன்னா வாத்தியாரே. எங்க நிக்கிது? செக்போஸ்ட்டா, டோல்கேட்டா?"

"அதெல்லாம் இல்லீங்க. உங்க கற்பூரத்துல நிக்கிது."

நான்கு வண்டியும் லோடு ஏறி முடிந்த பிறகு வரிசையாக நிறுத்துவேன். என் கையால் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பேன். அப்புறம்தான் நான்கும் ஒன்றாகக் கிளம்பும். முப்பது வருஷத்து வழக்கம். ரோட்டில் போகிறவர்கள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். அதற்காகவும்தான் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி காலை எட்டரைக்கே ஏறி முடிந்துவிடும். நாலாவது முடிய மத்தியானம் மூன்று. அதுவரை முதல் வண்டி தார்ப்பாய் போர்த்திச் சித்திரை வெயிலில் நிற்கும். உள்ளே பழம் வேகும்.

"வண்டிக்கு ராசி இல்லாம இல்லீங்க. அது நின்ன எடம் அப்பிடி."

நான் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். அடுத்த லோடிலிருந்து ஒவ்வொரு வண்டியும் ஏறி முடிந்த உடனே அதற்கு மட்டும் கற்பூரம் காட்டி அனுப்பினேன். சீசன் முடிவதற்குள் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. கலியமூர்த்தியைத் திரும்பக் கூப்பிட்டேன். "இன்னா மொதலாளி, எனக்கு ராசி வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினான். மண்டிக்காரர்கள் எல்லாம், இது யார் யோசனை என்று கேட்டார்கள்.

"எனக்கே தோணுச்சு" என்றேன். பக்கத்தில் வாத்தியார் நின்றிருந்தார். மணியைப் பார்த்தார். "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த வருஷம் மே இருபதாம் தேதி ஒரு படிவத்தோடு வந்தார். இவருடைய ஆய்வால் உங்கள் தொழிலில் நேர்ந்த மாற்றம் என்ன என்று ஒரே கேள்வி. கீழே ஆறு கோடு. தொழில் செய்கிற ஒருவர் நிரப்பித் தரவேண்டும். ஜூன் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை கடைசி நாள். அது இல்லாமல் நேர்காணலுக்கே கூப்பிடமாட்டார்கள்.

"வாத்தியாரே எழுதிக்கினு வந்துட்டா நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றேன்.

"மத்தவங்க அப்பிடித்தான் செய்றாங்க. எனக்குச் சரிப்படாதுங்க. நீங்க சொல்லுங்க, வேணு எழுதட்டும்." வேணு என் ஷெட்டு கிளார்க்.

படிவத்தை வாங்கி மேசை டிராயரில், கற்பூர டப்பாவுக்கு அடியில் வைத்தேன். ஆறு கோடுதான். ஆனால் அதில் என்ன எழுதுவது? எனக்கே தோணுச்சு என்று ஊரெல்லாம் சொன்ன பிறகு? லோடு ஏறுகிற நாளெல்லாம் டிராயரைத் திறக்கிறேன், கற்பூரம் எடுக்கிறேன், படிவத்தைப் பார்க்கிறேன், மூடுகிறேன். அவரும் தினமும் எதிர்க் கடைக்கு டீ குடிக்க வருகிறார். அடுப்பு எங்கே நிற்கிறது, சாம்பார் எங்கே நிற்கிறது என்று கேட்கிற மனுஷன், இதை மட்டும் கேட்கவில்லை. வந்து கேட்கட்டும் என்றுதான் இருந்தேன். ஒரு தடவை கெஞ்சியிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன்.

பதினோராம் தேதி வியாழக்கிழமை மத்தியானம். கடைசி வண்டியும் போன பிறகு, கற்பூர டப்பாவைத் திரும்ப வைக்க வேணு டிராயரைத் திறந்தான்.

"மொதலாளி, வண்டியெல்லாம் கிளம்பிடுச்சி. ஒண்ணுதான் நிக்கிது."

"எது?"

"கற்பூரத்துக்கு அடியில."

அவனை அறையலாம் என்று கை எழுந்தது. உட்கார்ந்துவிட்டேன். "பேனாவ எடு" என்றேன்.

"என் கற்பூரத்தால் வண்டிகள் நின்றன. முப்பது வருஷம் நின்றன. நின்றது எனக்குத் தெரியவில்லை. ராசியில்லை என்று வண்டியை விற்றேன், ஆளை விரட்டினேன். என்னிடம் சீட்டு எழுதிய செங்குட்டுவன் பதினைந்து நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தார். எனக்கே தோன்றியது என்று நான் சொன்னது பொய்."

வேணு பேனாவை நிறுத்தினான். "மொதலாளி, கடேசி வரி கூடவா?"

"அதுக்குத்தானடா ஆறு கோடு போட்டிருக்கான்."

காரை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். பக்கச் சுவர் இன்னும் பூசாத வீடு. அவர் படிவத்தை வாங்கி, வாசலிலேயே நின்று படித்தார். முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீடு மூன்று மாடி. அன்றைக்கு அது நினைவுக்கு வந்தும் ஒன்றும் உதவவில்லை.

"ரொம்ப நாளு ஆக்கிட்டேன்" என்றேன். "நீங்க கோச்சிக்காதீங்க" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். ரப்பர் பேண்டைக் கழற்றிப் பக்கத்தைப் பிரித்தார். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது: 'மே 20, காலை 9.10, மொதலாளி கையில்.' அதற்கு நேரே, திரும்பி வருகிற நேரத்தை எழுதுவதற்கு இடம் காலியாக இருந்தது. பேனா மூடியைத் திறந்தார்.

உள்ளேயிருந்து பொற்கொடி இரண்டு கிளாஸ் டீ கொண்டுவந்தாள்.

அவர் பேனாவை மூடினார். நோட்டுக்கு ரப்பர் பேண்டைப் போட்டுப் பையில் வைத்தார். ஒரு கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, தன்னுடையதை எடுத்து, மணி பார்க்காமல் குடித்தார்.