பெயரும் தகப்பன் பெயரும்

கலைந்து கிடக்கிற எதைப் பார்த்தாலும் செபமாலைக்குக் கை துறுதுறுக்கும். மன்னாரிலிருந்து வந்து, டொரன்டோவுக்குக் கிழக்கே பிரெஞ்சு பேசுகிற பக்கத்தில், லாசாலில் குடியிருந்தவர். வேலை புவாண்ட்-கிளேரில், ஒரு களஞ்சிய அலுவலகத்தில். ஊருலகத்துக் கம்பனிகளெல்லாம் தங்கள் தங்கள் இஷ்டத்துக்கு அனுப்புகிற சரக்கு விபரங்களை ஒரே சீராக்கிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் மவுசைப் பிடித்து இழுத்து இழுத்து ஒட்டிக்கொண்டிருக்க, இந்த மனுசன் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரிக் கட்டளையைத் தட்டுவார். மேலிருந்து கீழாக ஓடுகிற மூன்றாம் நிரல் முதலாவதாகும், வேண்டாத நிரல் வெட்டுப்படும், ஆயிரம் வரியும் வாய் திறக்காமல் வரிசையில் நிற்கும். "ஒரு கட்டளை காணும், வேறொண்டும் தேவையில்லை" என்பார். அந்த வீறாப்பு அவருக்குக் கொஞ்சம் கூடத்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுக் கோடை தொடங்கியபோது ஊரில் சண்டை முடிந்துவிட்டது. யார் முகாமில், யார் மண்ணுக்குள் என்று ஒருவருக்கும் தெரியாது. மாதா கோயிலில் பூசை முடிந்தும் சனம் வீட்டுக்குப் போகாமல் நின்று அழுதது. முகாமுக்குள் போய்வந்தவர்கள் குறித்துக்கொடுத்த பெயர்கள், முகாமில் இருப்பவர் இறந்தவர் என்ற குறிப்போடு, பாரிசிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் மின்னஞ்சலில் வந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலம். சுவாமியார் செபமாலையைக் கூப்பிட்டு, "சனம் தேடிப் பாக்கிற மாதிரி ஒண்டாக்கித் தாருங்கோ" என்றார்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? தன் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். ஊர் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும். வந்த கோப்புகளும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. தேடுகிற சனத்துக்கு ஆளின் பெயர் முதலில் இருந்தால் வசதி என்று நினைத்த செபமாலை, எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஒரே கட்டளையில் முதல் இரண்டு நிரலையும் இடம் மாற்றினார். வயது நிரல் பாதி வெறுமையாய்க் கிடந்து மற்றதையெல்லாம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எறிந்தார். தலைப்பு வரிகளுக்கும் அதே கதி. சுவாமியார் அதை அச்சடித்துக் கோயில் சுவரில் ஒட்டினார். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். டொரன்டோவிலிருந்து வந்த கோப்பில் மட்டும் ஆளின் பெயர் ஏற்கெனவே முதலில் இருந்தது. ஒருதரம் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லையே, பாவி மனுசன்!

அவருடைய கட்டடத்திலேயே கீழ்மாடியில் இருந்தவள் யோசெப்பின். தையல் ஆலையில் வேலை. புருசன் கிறிஸ்தோப்பரையும் மகனையும் ஊரில் விட்டுத் தனியாக வந்து, அவர்களைக் கூப்பிடுகிற நாளுக்காகவே மாடாய் உழைத்துக்கொண்டிருந்தாள். தலைப்பிள்ளை ஆணாய்ப் பிறந்தால் பாட்டன் பெயரை வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். கிறிஸ்தோப்பரின் தகப்பன் நீக்கிலாப்பிள்ளை, மகனும் நீக்கிலாப்பிள்ளை. கோயில் சுவரில் விரலை வைத்து அவள் வாசித்தாள். கிறிஸ்தோப்பர், தகப்பன் நீக்கிலாப்பிள்ளை, இறந்தவர். அடுத்த வரி நீக்கிலாப்பிள்ளை, தகப்பன் கிறிஸ்தோப்பர், முகாமில். அந்த இடத்திலேயே விழுந்துவிட்டாள்.

புருசனின் ஆத்துமாவுக்குப் பூசை வைத்தாள். கறுப்பு உடுத்தாள். ஆனாலும் படுத்துவிடவில்லை. "அவர் போயிட்டார், என்ர பிள்ளையாவது இருக்கிறான்" என்று அந்த ஒரு பிடியில் எழுந்து நின்றாள். மகனுக்கென்று கட்டில் வாங்கினாள். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனாலும், தம்பி என்று அவள் அழைக்கிற அந்த மகனின் கதைதான். தம்பி வந்தால் எந்தப் பள்ளிக்கூடம், தம்பிக்குப் பிரெஞ்சு ஓடுமோ ஓடாதோ என்று கண்டவர் நின்றவரிடமெல்லாம் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை செபமாலையின் கதவைத் தட்டினாள்.

"அண்ணை, தம்பியைக் கூப்பிடுற அலுவலா லோயரிட்டைப் போறன். உங்கடை பேப்பரிலை வயசு இல்லை. பதினேழு எண்டு வந்திருக்கோ, ஒருக்கால் பாத்து அடிச்சுத் தாறியளோ?"

"அதுக்கென்ன, இப்பவே பாத்துக் கொண்டு வாறன்."

டொரன்டோக் கோப்பைத் திறந்து தேடினார். நீக்கிலாப்பிள்ளை, கிறிஸ்தோப்பர், 17, இறந்தவர். அதற்குக் கீழே கிறிஸ்தோப்பர், நீக்கிலாப்பிள்ளை, 46, முகாம். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மேலே தலைப்பு வரி தெளிவாகவே இருந்தது. பெயர், பிறகு தகப்பன் பெயர். ஐயோ! அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பதினேழு என்று அடித்துக் கொடுத்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தார். அந்த நினைப்பு வந்ததற்கே தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அங்கே முட்கம்பிக்குள் ஒரு மனுசன் உயிரோடு காத்திருக்கிறான். அவனைக் கூப்பிட ஆளில்லை, இங்கே செத்த பிள்ளைக்கு விசா கேட்கப்போகிறார்கள். சொல்லத்தான் வேண்டும். நல்ல செய்தியை முதலில் சொல்லுவோம், மற்றது பிறகு தானாக வரும் என்று எண்ணிக்கொண்டே படியிறங்கினார்.

யோசெப்பின் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை.

"பிள்ளை, கிறிஸ்தோப்பர் உயிரோடை இருக்கிறார். அவர்தான் முகாமிலை. நான் நிரலை மாத்திப் போட்டன். என்ர பிழை, பிள்ளை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "என்ர மாதாவே!" என்று கத்தி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள். ஓடிப்போய்ச் சுவரில் தொங்கிய புருசனின் படத்திலிருந்து மாலையை இழுத்து அறுத்தெறிந்தாள். அவள் அப்படிச் சிரித்துச் செபமாலை முன்பு கண்டதேயில்லை. திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது அவருக்கு.

"அப்ப ரெண்டு பேரையும் ஒண்டாக் கூப்பிடலாம், என்ன அண்ணை? லோயரிட்டை அப்பிடியே சொல்லுறன். தகப்பனும் மகனும் எண்டு."

காலடியில் வந்து விழுந்திருந்த மாலையை அவர் குனிந்து எடுத்தார்.

"அதை ஏன் அண்ணை எடுக்கிறியள்?"

"இல்லைப் பிள்ளை," என்றார் செபமாலை. "கூப்பிடுறதுக்கு அவர் ஒராள்தான் இருக்கிறார்."