ஜாடிக்குள் பிரசவம்

கல்லூரியில் முதல் வருடம் முடிந்து கோடை விடுமுறை விட்டபோது விலங்கியல் ஆசிரியர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். அவரவர் ஊரில் ஏதாவது ஓர் உயிரைப் பிடித்து வளர்க்க வேண்டும். தினமும் பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். திறக்கும் நாளில் அதை உயிரோடு கொண்டுவர வேண்டும். திருப்பத்தூர்ப் பையன்கள் முயல், கிளி என்று சொன்னார்கள். நான் மலையில் எங்கள் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றேன். அவர் அலமாரியைத் திறந்து ஒரு சின்ன ஃபார்மலின் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"உன்னுது பஸ்ஸுலயே செத்துடும். செத்தா உடனே இதுல போட்டுடு. அழுகிப் போனா யாருக்கும் பிரயோஜனம் இல்ல."

வகுப்பில் பாட்டில் கிடைத்தது எனக்கு மட்டும்தான். என்ன ஆனாலும் உயிரோடுதான் கொண்டுவருவது என்று அங்கேயே தீர்மானித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஓர் உயிரைக்கூட வைத்துக் காப்பாற்றத் தெரியாதவன் என்று கீழே ஒருமுறையும் மலையில் ஒருமுறையும் கேட்க எனக்கு விருப்பமில்லை.

ஊருக்குப் போன மூன்றாம் நாள், அப்பா புளியமரத்தில் பட்டுப்போன கிளை ஒன்றை விறகுக்கு வெட்டினார். விழுந்த கிளையின் பொந்திலிருந்து என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி வெளியே வந்தது. உடம்பெல்லாம் மயிர். சாம்பல் நிறத்தில் கோலம் போட்டாற்போல் முதுகு. குச்சியால் தொட்டதும் முன்னங்கால்களைத் தூக்கிக் காட்டியது. அடியில் மஞ்சள் பூசியதுபோல இருந்தது. ஆங்கிலப் புத்தகத்தில் டாரன்டுலா என்று படம் போட்டிருந்த வகை. டீக்கடையில் கெஞ்சி வாங்கிவந்த பிஸ்கட் ஜாடிக்குள் அதைத் தள்ளி, தகர மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன்.

அந்தப் புத்தகத்தை விடுமுறைக்கு வெளியே தர மாட்டேன் என்று நூலகத்தில் சொல்லிவிட்டதால், மலையில் கிடைத்தாலும் கிடைக்கும் என்று டாரன்டுலா பற்றிய ஒரு பக்கத்தை அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும்போது மணி அடித்துவிட்டது. முதல் பக்கத்தின்படி அது பாலைவனத்தில் மண்ணைத் தோண்டி வாழ்வது. நானும் ஜாடியில் நான்கு விரல் உயரத்துக்கு மண் போட்டேன். அது மண்ணைத் தொடவே இல்லை. மூடிக்குக் கீழே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. "இன்றும் மண்ணில் இறங்கவில்லை" என்று பதினோரு நாள் எழுதினேன். பன்னிரண்டாம் நாள், மரப்பொந்தில் இருந்தது மரத்தைத்தானே கேட்கும் என்று தோன்றி, ஒரு புளியம்பட்டையைச் சாய்த்து வைத்தேன். போய் அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டது. புத்தகத்துப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன்.

காலையில் ஒரு வெட்டுக்கிளி, பாட்டில் மூடியில் தண்ணீர், இதுதான் வேலை. அப்பா அதை மாடு என்றுதான் சொல்வார்.

"உன் மாடு துன்னுச்சா?"

"துன்னுச்சு நைனா."

"எப்ப கறக்கும்?"

எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் பிரசவம் என்றால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். ஜாடியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதன் வயிற்றை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள்.

கல்லூரி திறக்க மூன்று வாரம் இருக்கும்போது அது சாப்பிடுவதை நிறுத்தியது. வெட்டுக்கிளி அதன் முதுகின் மேலேயே ஏறி நடந்தது. வெட்டுக்கிளியை எடுத்துவிட்டுக் கரப்பான் போட்டேன். கரப்பானும் நடந்தது. அதன் வயிறு கறுத்துக்கொண்டே வந்தது. நோட்டில் "சாப்பிடவில்லை" என்பதற்குக் கீழே கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தேன்.

திறக்க நான்கு நாள் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் பூச்சி மல்லாந்து கிடந்தது. ஜாடி மண்ணின் மேல் மெல்லிய நூலால் படுக்கை மாதிரி ஒன்று விரித்து, அதன் மேல் எட்டுக் காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. ஜாடியைத் தட்டினேன். அசையவில்லை. பிறகு ஆசிரியர் சொன்னபடி ஃபார்மலின் பாட்டிலைத் திறந்து, ஜாடியின் மூடியையும் திறந்தேன்.

ஆடுகளை அவிழ்த்துவிட்டு வந்த அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா நாத்தம்?"

"செத்துப்போச்சும்மா. கெட்டுப்போறதுக்குள்ள மருந்துல போடணும்."

குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"செத்ததுக்கு ஏன்டா கால் நடுங்குது? வலி எடுத்துக்கீது."

"இன்னா வலி?"

"இன்னா வலின்னா? புள்ள வலிதான். ரெண்டு வாரத்துக்கு மேல சோறு எறங்கல, வவுறு கறுத்துப்போச்சு, படுக்க விரிச்சிக்கிச்சு. இதுகூடத் தெரியாம நோட்டுல இன்னாதான் எழுதிக்கினு கீற? வெளிய போ."

எங்கள் பக்கம் பிரசவம் நடக்கும் வீட்டில் ஆண் இருக்கக் கூடாது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. சிலந்தி முட்டைதான் இடும், பிள்ளை பெறாது, இது பாடத்தில் இருக்கிறது என்றேன்.

"நீ எத்தினி பிரசவம் பாத்துகீற?"

"ஒண்ணும் பாக்கல."

"போ வெளிய."

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடிப் பரணில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். நான் நோட்டோடு பலாமரத்தடிக்கு வந்தேன். அங்கே அப்பா ஏற்கெனவே துரத்தப்பட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ பொறந்தப்பவும் இங்கதான் ஒக்காந்துகினு கெடந்தேன்" என்றார். "அப்ப மழ."

கடிகாரம் இல்லாததால் பலாமரத்து நிழலைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டேன். கதவைப் பார்த்துக் கத்துவேன். உள்ளிருந்து பதில் வரும்.

"ம்மா, இப்ப இன்னா பண்ணுது?"

"முக்குது."

முக்குகிறது என்று எழுதினேன்.

"இப்ப?"

"பக்கமா பொளந்துக்கிச்சு. உள்ள வெள்ளையா தெரியுது."

இன்னும் ஒரு முழம் நிழல் நகர்ந்தது.

"கால் வருது! எல்லாக் காலும் ஒண்ணா வருது!"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கால் மொதல்ல வந்தா கஷ்டமாச்சே" என்றார். இரண்டு மாதமாக அதை மாடு என்று கிண்டல் செய்தவர் அதற்கப்புறம் ஒரு பீடிகூடப் பற்றவைக்கவில்லை.

மத்தியானம் அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து கை கழுவினாள். அவள் முகத்தைப் பார்த்து அப்பா எழுந்து நின்றார்.

"புள்ள நல்லாக்கீது. தாயி போய்ட்டா."

உள்ளே ஓடினேன். ஜாடியில் இரண்டு சிலந்திகள் கிடந்தன. ஒன்று வெளிறிப்போய், புதிதாக, ஈரமாக மினுங்கிக்கொண்டு. இன்னொன்று சுருங்கிய வெறும் கூடு, கண் இருந்த இடம்கூட அப்படியே இருந்தது. கரப்பான் தோலுரிக்கும் விதத்தை விவரி என்ற கேள்விக்குப் பரீட்சையில் படத்தோடு பதில் எழுதியவன் நான். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ம்மா, இது தோல். பாம்பு சட்ட உரிக்கும்ல, அதே மாதிரி."

"பாம்புக்குக் கால் கீதா?"

"இல்ல."

"எட்டுக் காலையும் சட்டையிலருந்து உருவ முடியுமாடா? உன் சொக்காயில ரெண்டு கைய உருவவே உனக்கு எவ்ளோ நேரம் ஆவுது!"

பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. அதோடு, அவள் உள்ளே வராமல் இருந்திருந்தால் அந்தப் பூச்சி ஃபார்மலினில் மிதந்துகொண்டிருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் வாதாடவில்லை.

வாதாட வேண்டிவந்தது அடுத்த விஷயத்துக்குத்தான். பிறந்த பிள்ளையை ஏழு நாள் முடியாமல் வாசல் தாண்ட விடமாட்டேன் என்றாள். கல்லூரி நான்காம் நாள் திறக்கிறது. அப்பாவைப் பார்த்தேன். "தாயில்லாப் புள்ள" என்றார். ஏழாம் நாள் அம்மா ஜாடியின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். எட்டாம் நாள் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் அதைத் தூக்கித் தூக்கிப் பிடித்தபடி, பஸ்ஸில் மலையிறங்கினேன்.

ஆசிரியர் ஜாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். விரலால் தட்டினார். அது முன்னங்கால்களைத் தூக்கியது. அவர் பின்னால் நகர்ந்ததில் நாற்காலி விழுந்தது. "உயிரோடதான் இருக்கு" என்றார். தாமதத்துக்குத் திட்டவில்லை. தோலுரித்த கையோடு பஸ்ஸில் குலுக்கியிருந்தால் செத்தே போயிருக்கும், அதற்குப் பிறகு அது முதல் இரை எடுக்கும்வரை பிழைக்கும் என்று நம்ப முடியாது என்றார். அது இன்னும் எடுக்கவில்லை.

பிறகு நோட்டைப் படித்தார். 'முக்குகிறது' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"இத யாருய்யா பாத்தது?"

"எங்கம்மா சார். நான் வெளிய இருந்தேன்."

"அப்ப பார்த்தவர்ங்கற எடத்துல அவங்க கையெழுத்து வேணும். நீ பாக்காததுக்கு நீ கையெழுத்துப் போடக் கூடாது."

அம்மாவுக்குக் கையெழுத்து இல்லை, கைநாட்டுதான். சனிக்கிழமை மறுபடியும் மலையேறினேன். மைப்பெட்டியைத் திறந்து, அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினேன். தாளின் அருகே கொண்டுபோனதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"துன்னுச்சா?"

"இன்னும் இல்லம்மா. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

"இன்னா போட்ட?"

"ஆஸ்டல் கரப்பான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் நோட்டில் எழுதவில்லை. கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"டவுன் கரப்பான் யாருக்குடா எறங்கும்? மொதல்ல அது துன்னட்டும். புள்ள பொழச்சிச்சுன்னு வந்து சொல்லு, அப்பறம் வெக்கிறேன்."

கீழே போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சாமைக் கொல்லை வரப்பில் இறங்கி, தீப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டுக்கிளி தேடினேன். நான்கு பிடித்தேன். ஐந்தாவதைத் துரத்திக்கொண்டிருக்கும்போது ஹாரன் சத்தம் கேட்டது.