மேற்குச் சுவர்

என் சித்தப்பா எங்கள் வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் நான். இதை அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மன்னாரிலிருந்து வெளிநாடு வந்து, மாசி என்ற புறநகரில் ஒரு வெள்ளைக்காரரின் புல்வெளி ஓரத்தில் சக்கரம் வைத்த வீடொன்றில் இருந்தோம். ஊரில் பள்ளிக்கூட அதிபராயிருந்த அப்பாவுக்கு அந்தச் சக்கரங்கள் பெரிய மானக்கேடு. எங்கள் கத்தோலிக்கக் கோவிலாட்களைக் கூப்பிட்டு, சுவாமியாரைக் கொண்டு வீட்டை ஆசீர்வதிக்க விரும்பினார். அதற்கு முன் அது வீடுபோலத் தெரிய வேண்டும். ஆகவே வெளிச்சுவர் முழுக்க வெள்ளை வினைல் பிளாஸ்டிக் பலகை அடிப்பதென்று முடிவாயிற்று. ஆள் பிடித்தால் செலவு. கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். அவர் அடித்தார். அப்பா ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

மேற்குச் சுவருக்கு நான் உதவியாள். கீழிருந்து மேலாக ஒரு பலகையில் அடுத்ததைக் கொளுவ வேண்டும். ஆணியை முழுக்க இறுக்காமல் சற்றே வெளியே விட்டு அடித்தார் சித்தப்பா. பலகையைத் தள்ளினால் இப்படியும் அப்படியும் அசைந்தது. ஊரில் புயலில் எங்கள் கூரை பறந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆணி சரியாக இறுக்காததால்தான் பறந்தது என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சித்தப்பாவுக்கு அது எப்படி மறந்துபோனது? அடுத்த பலகை வெட்ட அவர் முன்பக்கம் போகும்போதெல்லாம் ஒவ்வொரு ஆணிக்கும் நான் இன்னும் இரண்டு அடி போட்டேன். மேலே வரும் பலகை ஆணிகளை மூடிவிடும். வீட்டைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

ஆசீர்வாதத்தன்று நல்ல வெயில். சுவாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு மேற்குப் பக்கம் வந்தபோது சுவர் அலை அலையாகப் புடைத்திருந்தது.

“என்ன மாஸ்டர், வீட்டுக்குக் கூகைக்கட்டோ? கன்னமெல்லாம் வீங்கிக்கிடக்கு!” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா அத்தனை பேருக்கும் முன்னால் சித்தப்பாவைப் பார்த்தார். “இடமும் தந்து சோறும் தந்து வச்சிருக்கிறன். ஒரு சுவர் ஒழுங்கா அடிக்கேலாதோ உனக்கு?”

சித்தப்பா பலகை கழற்றும் சிறு கொக்கியால் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். ஆணிகள் தலைவரை இறங்கியிருந்தன. வெயிலில் நீளும் பலகைக்கு நகர இடமில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

“நான்தான் அண்ணை. யோசிக்காமல் இறுக்கிப்போட்டன்,” என்றார் அப்பாவிடம்.

அந்தக் கிழமையே கிளென்ஃபீல்டில் ஒரு அறைக்குப் போய்விட்டார். செய்யாததை ஏன் ஒப்புக்கொண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா மேற்குச் சுவர்ப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

சித்தப்பாவின் கொக்கி வீட்டில் கிடந்தது. அப்பாவும் அம்மாவும் வேலையால் வருமுன், பின்னேரங்களில் வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று பலகைகளைக் கழற்றி, சுத்தியலின் பிளவால் ஆணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தேன். மேல் வரிசை எட்டவில்லை. மற்றதெல்லாம் படிந்துவிட்டது. அப்பா கேட்டதும் உண்மையைச் சொல்வதென்று பாடமாக்கி வைத்திருந்தேன்.

அப்பா கேட்கவில்லை. ஒருநாள் தற்செயலாக அங்கே போனவர், சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். “பாரும், நாங்கள் இல்லாத நேரம் வந்து திருத்திப்போட்டுப் போயிருக்கிறான்.” நான் கொக்கியை எடுத்து ஒளித்துவைத்தேன்.

அன்றே என்னையும் ஏற்றிக்கொண்டு கிளென்ஃபீல்டுக்குப் போனார். கதவு திறந்ததும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, “சாப்பிட்டியோ?” என்றார். பிறகு சுவரைப் பற்றிச் சொன்னார். சித்தப்பா ஒன்றும் புரியாமல் நின்றார். அப்பாவின் தோளுக்கு மேலாக என் முகத்தைப் பார்த்தார்.

“அதுக்கென்ன அண்ணை,” என்றார்.

அதன்பின் வந்துபோன ஒவ்வொரு விருந்தாளிக்கும் அப்பா அந்தக் கதையைச் சொன்னார். சித்தப்பா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். நான் செய்ததற்குத் தான் புகழ் வாங்குகிறோமே என்ற கூச்சம் அவருக்கு என்று எண்ணி, எனக்கு உடம்பு கூசும்.

எனக்குக் கல்யாணமான பிறகு சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவிடமும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவர் பதறிப்போனார்.

“சொல்லிப்போடாதை தம்பி. அண்ணை என்னைத் தேடி வந்தது அந்த ஒருநாள்தான்.”

இப்போது இருவரும் இல்லை. அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் சித்தப்பா ஆசையோடுதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.