டிரைவரின் சடைகள்

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கூலிவேலைக்கு எங்களை ஏற்றிச்சென்ற ஜீப்பு டிரைவருக்கு முரட்டு மீசை. தலை முழுக்க வகிடு வகிடாகப் பிரித்து, தலையோடு ஒட்டிப் பின்னிய மெல்லிய சடைகள். வாரம் ஒருநாள் ஓடையோரம் வண்டியை நிறுத்திவிடுவார். சடையை அவிழ்க்காமலே, ஷாம்பு கரைத்த தண்ணீரை வகிடுகளில் ஊற்றி, நகம் படாமல் தேய்த்து அலசுவார். துண்டால் ஒற்றியபின் தேங்காயெண்ணெய்.

ஒருநாள், காய் பறிக்க வந்த ஓர் அம்மாள் பொறுமையிழந்தார். “வெரசா வா அப்பு, சோலிக்கு நேரமாச்சு. கல்யாணப்பொண்ணுகூட இம்புட்டு நேரம் தலைக்குக் குளிக்காது.”

“எண்ணெ வைக்கலேன்னா வறண்டு ஒடிஞ்சிரும் ஆத்தா.”

பின்னந்தலை வகிடுகள் அவருக்குத் தெரியவில்லை. எண்ணெய் கழுத்தில் வழிந்தது. எல்லோரும் சிரித்தோம். கேலி செய்த அம்மாளே இறங்கிப்போய்ப் பாட்டிலைப் பிடுங்கினார்.

“குனி.”

ஒவ்வொரு வகிடாகத் தடவிவிட்டார். நேரமானதை யாரும் சொல்லவில்லை. தடவி முடித்த பிறகும் அந்த மீசைக்காரர் குனிந்தேதான் நின்றார்.