ஆச்சு என்று சொல்லிச் சொல்லி

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. "சாப்ட்டாச்சா?" என்று கேட்பார்கள். "ஆச்சு" என்று பதில் வரும். அத்தோடு முடிந்தது, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். வெளிச்சம் சரியாக வராத விடியற்காலையிலும் இதே கேள்விதான், மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் இதே கேள்விதான். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதற்கும் பொருந்தும். கல்யாணம் ஆச்சு, பஞ்சர் ஒட்டியாச்சு, டீசல் போட்டாச்சு. என்ன ஆச்சு, எவ்வளவு ஆச்சு என்று ஒருவரும் குடைய மாட்டார்கள்.

நான் மினி பஸ் ஓட்டுகிறேன். செஞ்சியில் புறப்பட்டு, கை காட்டிய இடத்திலெல்லாம் நின்று, தளவானூர் போய், மண்டகப்பட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற வண்டி. முதல் டிரிப் எடுக்கக் கிளம்பும்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. என் மனைவி எழுந்து ஏதாவது செய்து தருகிறேன் என்றுதான் சொல்வாள். நான்தான் வேண்டாம், நீ தூங்கு என்பேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்வேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, ஒரு பொறை. திரும்பி வந்தால் இன்னொரு டீ. நடுவில் வண்டி பத்து நிமிஷம் நின்றால் போண்டா, அதன் தலைமேல் மறுபடி டீ. மதியம் மெஸ்ஸில் அதுவரை சாப்பிடாததையெல்லாம் சேர்த்து ஒரே இலையில் சாப்பிடுவேன். ராத்திரி வண்டியை விட்டுவிட்டு வரும் வழியில் புரோட்டா. படுத்த பிறகு போன். யார் கேட்டாலும் "ஆச்சு". பொய் இல்லை. ஏதோ ஒன்று ஆகித்தான் இருந்தது.

ஆனால் உடம்பு ஒரு நிலையில் நிற்காது. வண்டி நின்றிருக்கும்போதுகூட முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். சீட்டில் உட்கார்ந்தால் இறங்கத் தோன்றும், இறங்கினால் ஏறத் தோன்றும். ஹாரனைச் சும்மா ஒரு தட்டு தட்டுவேன். மதியம் ஆனால் அதே உடம்பு ஈர மூட்டை மாதிரி கனக்கும். ராத்திரி படுத்தால் மறுபடி விறுவிறு என்றிருக்கும். எங்கள் பக்கத்தில் நேரம் தாண்டிப்போனால் "பசி செத்துப்போச்சு" என்பார்கள். பாதியில் விழித்துக்கொண்டால் "தூக்கம் முறிஞ்சிபோச்சு" என்பார்கள். ஒன்று சாகிறது, ஒன்று முறிகிறது. இவ்வளவு பெரிய காரியத்தை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம்! நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

என் கண்டக்டர் ஒரு பாய். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை மாமா என்பார். எங்கள் ஊரில் இந்த மாமா மச்சான் முறைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. கழுத்தில் விசில் மாட்டியிருப்பார். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் நாள் முழுக்க நடக்கும் பேச்சில் முக்கால்வாசி அந்த விசில்தான்.

நோன்பு மாசத்தில் ஒரு மதியம். மெஸ் சாப்பாடு முடிந்து தளவானூர் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். காலையில் கீரைக்கட்டு விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பும் ஒரு அம்மா தினமும் ஏரிக்கரைக்கு முன்னால் உள்ள புளியமரத்தடியில் இறங்குவார். பாய் விசில் அடித்திருக்கிறார். மறுபடி அடித்திருக்கிறார். நான் நிறுத்தவில்லை. கண் திறந்திருந்தது, கை ஸ்டியரிங்கில் இருந்தது, ரோடும் தெரிந்தது. நான்தான் அங்கே இல்லை. கூடை பின்னாலிருந்து வந்து என் தோளில் இடித்தபோது வண்டி ஏரிக்கரை வளைவை ஏறக்குறையத் தொட்டுவிட்டிருந்தது. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பள்ளம்.

"இன்னா டைவரே, என்னை உங்க ஊட்டுக்கே இட்டுனு போறியா?" என்றார் அந்த அம்மா. பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பாய் மட்டும் சிரிக்கவில்லை.

மண்டகப்பட்டில் வண்டி நின்றதும் முன்னால் வந்து என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். உதடு காய்ந்திருந்தது. காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். "ஆச்சு" என்றேன், வழக்கம்போல.

"இன்னா ஆச்சு? நா வருசத்துல ஒரு மாசம் நோம்பு வெக்கிறேன் மாமா. அதுக்கும் விடியறதுக்கு மின்னாடி எந்திரிச்சி சோறு துன்னுட்டு, மதியம் கண்ண மூடிட்டு, ஒரு கணக்கா இருக்கறேன். நீ வருசம் பூரா நோம்பு. கேட்டா ஆச்சுன்ற."

நான் ஏதோ கிண்டலாகச் சொல்லப் பார்த்தேன். பாய் விடவில்லை. அவர் மெதுவாகத்தான் பேசினார். முதலாளியிடம் போய்ச் சொல்ல மாட்டாராம். ஆனால் நாளையிலிருந்து நான் என்ன சாப்பிட்டேன், தூங்கினேனா என்று சொல்கிறவரை இரண்டு விசில் அடிக்க மாட்டாராம். விசில் இல்லாமல் நான் எடுத்துப் பார்க்கட்டுமாம். இன்னொன்றும் சொன்னார். முதலாளிக்கு வேண்டிய ஸ்பேர் டிரைவர் ஒருவர் என் சீட்டின் மேல் கண்ணாக இருக்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். வளைவில் ஒருமுறை ஏதாவது ஆனால் சீட்டு மட்டும் போகாது.

விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாள் வண்டி நிறைய ஆள், நான் கியர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், விசில் வரவில்லை. பின்னால் திரும்பினால் பாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கிறார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். டீயும் பொறையும் என்று கத்த வேண்டியதாயிற்று. பஸ்ஸே கேட்டுக்கொண்டது. அதோடு விட்டார்களா? ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருவர் பேரீச்சம்பழம் என்றார். ஒருவர் முட்டை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒரு டீச்சர், வெறும் வயிற்றில் டீ குடித்தால் பசி அடங்குமே தவிர உடம்புக்கு ஒன்றும் ஏறாது என்று நிதானமாகச் சொன்னார். கீரைக்கார அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபின், திரும்பும் டிரிப்பில் ஒரு கட்டு முருங்கைக்கீரையை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, "டீயிலயே கொளம்பு வெச்சிடப் போறே, இத்த வெச்சித் துன்னு" என்றார். மானம் போனதில் ஒரு சௌகரியம், மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி முதலில் கீரையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "நா எந்திரிச்சி செய்யறேன்னா வாணாம்ன்றது. ஊரே சொன்னாதான் காதுல ஏறுது" என்றாள். அவளும் விடியலில் எழுந்திருக்க வேண்டாம் என்று ஒரு ஏற்பாடு செய்தோம். ராத்திரியே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வைத்துவிடுவது, காலையில் நானே மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு குடிப்பது. ஒரு டப்பாவில் ஊறவைத்து அவித்த மல்லாட்டை. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், ஊரைச் சுற்றி விளைவதே அதுதான். விளைகிற ஊரில் இருந்துகொண்டு போண்டாவைத் தேடியிருக்கிறேன். மதியம் மெஸ்ஸில் சோற்றைக் குறைத்துக் கூட்டும் பொரியலும் கூடுதலாகக் கேட்டேன். பரிமாறுகிறவர் கல்யாணத்தில் சண்டை போட்ட மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ராத்திரி புரோட்டா போய், நேரத்தோடு வீட்டுச் சாப்பாடு.

சாப்பாடு சீக்கிரம் படிந்தது. தூக்கம்தான் படியவில்லை. போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து படுப்பேன். கை சும்மா இருக்காது. தலையணைக்கு அடியில் துழாவும். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்ப்பேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "தண்ணி சார்ஜ் ஏறிடுச்சா?" என்பாள். திரும்பி வந்து படுப்பேன். மாலை டீயை விட்டதில் தலைவலி வேறு. பாய் மதியம் மண்டகப்பட்டில் வண்டி நிற்கும் நேரத்தில் கடைசி சீட்டில் துண்டை விரித்துக் கொஞ்சம் கண் அயரச் சொன்னார். அங்கேயும் புரண்டேன். எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரியே இருக்கும். என்ன என்று தெரியாது.

பிறகு எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை, டப்பா மல்லாட்டையைத் தின்ற பிறகும் பசி சாகாமல் வேளைக்கு எழுந்து வர ஆரம்பித்தது. மதிய டிரிப்பில் புளியமரம் தூரத்திலேயே தெரிந்தது. முழங்கால் ஆடுவது நிற்கவில்லை, குறைந்தது. பாயின் கேள்விக்குக் கூழ், கீரை, தூக்கம் என்று வரிசையாகச் சொல்வேன். இரண்டு விசில் வரும்.

நோன்பு முடிந்து வெயில் முற்றிய சமயம். ஒருநாள் எங்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. ஃபேன் இல்லை, காற்றில்லை, கொசு. கண்ணை மூடவேயில்லை. விடிகாலையில் கூழைக் குடித்துவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்பேர் டிரைவர் அன்றைக்கென்று டீக்கடை வாசலில் நின்று முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். பாய் ஜன்னலுக்குக் கீழே வந்தார்.

"சாப்ட்டியா மாமா?"

கூழ் குடித்தேன் என்றேன்.

"தூங்கினியா?"

ஆச்சு என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனை வருஷப் பழக்கம். கண்ணாடி வழியே ஸ்பேர் டிரைவர் தெரிந்தார். ஆச்சு என்று சொன்னால் சீட்டு என்னுடையது. அப்புறம் ஏரிக்கரை வளைவும் என்னுடையது.

"ஆவல பாய்" என்றேன்.

அவர் நேராக முதலாளியிடம் போனார். காய்ச்சலுக்கு லீவு கேட்டிருக்கிறார்கள், கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், தூக்கத்துக்கு எவனாவது கேட்டானா என்று முதலாளி கேட்டது எனக்கே கேட்டது. பாய் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்பேர் டிரைவர் டீ டம்ளரை வைத்துவிட்டு வந்து ஏறினார். முதல் டிரிப் மட்டும் அவர், பிறகு பார்க்கலாம் என்று முடிவு. "பார்க்கலாம்" என்றால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் கடைசி சீட்டில் போய்ப் படுத்தேன்.

என் வண்டியைப் பின்னாலிருந்து அப்போதுதான் கேட்கிறேன். இரண்டாவது கியரை அவர் இழுத்த இழுப்பில் எனக்குப் பல் கூசியது. ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும், அவர் ஒன்றையும் விடவில்லை. எழுந்து போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். இப்படி எரிச்சலோடே எங்கேயோ கண் சொருகிவிட்டது.

பிறகு கீரை வாசனை. திரும்பும் டிரிப்பில் கூடை ஏறியிருக்கிறது. "இன்னாடா இது, டைவரு இங்க தூங்கறாரு, வண்டி அது பாட்டுக்குப் போவுது" என்று அந்த அம்மா சொல்வது எங்கேயோ தூரத்தில் கேட்டது. பாயின் குரல், தூங்கட்டும்மா, எழுப்பாதே என்றது. அப்புறம் யாரோ இறங்க வேண்டும்போல. ஒரே ஒரு விசில்.

தூக்கத்திலேயே என் வலது கால் நீண்டு முன் சீட்டின் கம்பியை அழுத்தியது. வண்டி நின்றது.