ஜால்ரா வாங்க வந்தவர்

திருச்சியில் ஒரு வாத்தியக் கடையில்தான் அவரைப் பார்த்தேன். பஜனைக்கு ஜால்ரா வாங்க ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்த அம்மா. ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. ஏதாவது வாத்தியம் ஒலித்தால் ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக் கேட்பார்.

எங்கள் காலேஜ் குழுவின் டிரம்ஸுக்கு இரண்டாவது சிம்பல் தட்டு வாங்க என்னை அனுப்பியிருந்தார்கள். பழைய சிம்பலைப் போர்வையில் சுற்றி லால்குடியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தேன். வாங்கிவிட்டால் மாற்றித் தரமாட்டார்கள். எது பொருந்தும் என்று கடைக்காரரிடம் கேட்கக் கூச்சம். ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று. கடைசியில் பழையதைப் போலவே ஒலித்த ஒன்றை எடுத்து, "இதையே போடுங்கண்ணே" என்றேன்.

கண்ணாடி உயர்ந்தது. "ரெண்டும் ஒண்ணாவே கேக்கறதே, தம்பி?"

"அதனாலதாங்க எடுத்தேன். ஜோடி சேரணும்ல?"

"ஒண்ணு சொன்னதையே இன்னொண்ணும் சொன்னா அது ஜால்ரா. அதுதான் என் கையில இருக்கே, உங்களுக்கு எதுக்கு?"

கடைக்காரரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் என் கூச்சமும் போயிற்று. "வேற காட்டுங்கண்ணே, எனக்குத் தெரியலை" என்றேன். நான்காவதாக வந்ததற்குக் கொஞ்சம் கனத்த குரல். பழையதை அடித்து, அது அடங்குமுன் இதை அடித்தால், கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது போல இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

அந்த அம்மாவோ தன் ஜால்ராவைத் தட்டிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டார். "நீங்க தட்டிப் பாக்கலையாங்க?" என்றேன்.

"இதைக் கேக்கப்போறவர் பெருமாள். கோச்சுக்க மாட்டார்."

கண்களைத் தவிர அவர் முகம் எனக்குத் தெரியாது. அதனால் காவிரிப் பாலத்தில் ஹெல்மெட் போட்ட எந்த அம்மா ஸ்கூட்டரில் வந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிறேன்.